பாயிரமில்லா ஆய்வேடுகள்: பல்கலைக்கழக மின்களஞ்சியங்களும் தமிழாய்வும்

முன்னுரை

ஆய்வின் பயன் அது பிறர்க்குக் கிடைக்கும் நிலையைப் பொறுத்தது. முனைவர் பட்ட ஆய்வேடு ஒரு காலத்தில் தட்டச்சிட்ட சில படிகளாகத் துறை அலமாரியிலும் பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பிரிவிலும் தங்கியது. அதனைக் காண விரும்பியவர் ஊர் கடந்து சென்று, இசைவு பெற்று, அங்கேயே அமர்ந்து குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்நிலை மாறியுள்ளது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுக்கும் சோத்கங்கா களஞ்சியத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் முழுமையாக வைக்கப்பட்டுள்ளன. தமிழ்த்துறைகளின் ஆய்வேடுகளும் அவற்றுள் அடங்கும். வீட்டிலிருந்தே அவற்றைப் பெறலாம், கட்டணம் இல்லை.

எனினும் இம்மாற்றம் தமிழாய்வில் விளைத்திருக்க வேண்டிய பயன் விளையவில்லை. புதிய ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்களில் அச்சு நூல்கள் நிறைந்திருக்க, களஞ்சியத்திலுள்ள முந்தைய ஆய்வேடுகள் அரிதாகவே இடம்பெறுகின்றன. முன்னரே ஆராயப்பட்ட பொருள் புதியதெனப் பதிவு செய்யப்படுகிறது. இதற்குக் காரணம் களஞ்சியம் என்னும் கருவியிலுள்ள குறை அன்று. அதில் வைக்கப்படும் ஆய்வேடு தன்னைப் பற்றி எதுவும் கூறாமல் வைக்கப்படுவதே என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒரு நூல் தன்னைப் பற்றி என்னென்ன கூறவேண்டும் என்பதைத் தமிழிலக்கண மரபு பாயிரம் என்னும் பெயரால் வகுத்துள்ளது. அம்மரபின் துணைகொண்டு இன்றைய நிலையை மதிப்பிடுவதும், தேடுவோரும் வைப்போரும் செய்யத்தக்கவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

1. பெங்களூரும் களஞ்சிய முயற்சிகளும்

இப்பொருளைப் பெங்களூரிலிருந்து நோக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. 1892-இல் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். அரங்கநாதன், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இலும் கோலன் பகுப்பு முறையை 1933-இலும் வெளியிட்டவர். தம் வாழ்வின் பிற்பகுதியைப் பெங்களூரில் கழித்த அவர், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின்கீழ் ஆவணவாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை 1962-இல் இங்கு நிறுவினார். 1972-இல் இந்நகரிலேயே மறைந்தார். நூலைக் காப்பது மட்டும் நூலகத்தின் பணியன்று. நூலையும் அதனை வேண்டுவோரையும் காலத்தாழ்வின்றிச் சந்திக்கச் செய்வதே அதன் பணி என்பது அவருடைய சிந்தனையின் சாரம் எனலாம். இன்றைய மின்களஞ்சியங்களை மதிப்பிடவும் இதுவே அளவுகோலாகும்.

அவருக்குப் பின்னரும் இப்பகுதி களஞ்சிய முயற்சிகளில் முன்னின்றது. மைசூர்ப் பல்கலைக்கழகம் வித்யாநிதி என்னும் மின் ஆய்வேட்டுத் திட்டத்தை 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கியது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனம் தன் ஆய்வுக் கட்டுரைகளுக்கான மின்களஞ்சியத்தை 2002-இல் அமைத்தது. இந்தியாவில் தோன்றிய முதல் நிறுவனக் களஞ்சியங்களுள் அது ஒன்று. அதே நிறுவனம் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, 2000-களின் தொடக்கத்தில் இந்திய மின்னூலகத் திட்டத்தை நடத்தியது. பல மொழி நூல்களோடு அரிய தமிழ் நூல்கள் பலவும் அத்திட்டத்தில் மின்வருடப்பட்டன.

இந்திய மின்னூலகத்தின் பட்டறிவு தமிழாய்வாளர்க்கு ஒரு பாடமாகும். அதில் தமிழ் நூற்பெயர்கள் உரோமன் எழுத்தில், ஒரே முறையின்றி உள்ளிடப்பட்டன. ஒரே ஆசிரியரின் பெயர் ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு வகையாக அமைந்தது. பெயர் பிழைபட்டபோது நூல் இருந்தும் இல்லாததாயிற்று. அத்தளம் பின்னர் மூடப்பட்டது. அதன் நூல்களுள் பல இலட்சம் படிகள் இணைய ஆவணகம் என்னும் தளத்தில் இன்று கிடைக்கின்றன. நூல்கள் இடம் மாறியபோது அவற்றின் பிழைபட்ட பெயர்களும் உடன் சென்றன. ஒருமுறை தவறாக எழுதப்பட்ட விவரிப்பு, நூலை விட்டு எளிதில் நீங்குவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

பல்கலைக்கழக மானியக்குழு 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளால் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கியது. அதன்வழிக் காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையத்தின் சோத்கங்கா வளர்ந்தது. 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் விதிமுறைகளும் இக்கடப்பாட்டைத் தொடர்ந்தன. ஆகவே ஆய்வேட்டை வைப்பதா என்னும் கேள்வி இன்று இல்லை. எவ்வாறு வைப்பது என்பதே கேள்வியாகும்.

2. பாயிரமும் மீதரவும்

களஞ்சியத்தில் ஓர் ஆய்வேட்டைக் குறித்துத் தரப்படும் தலைப்பு, ஆசிரியர், பொருள், ஆண்டு முதலிய விவரங்களை நூலகவியலார் மீதரவு என்பர். 1995-இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து டப்ளின் நகரில் நிகழ்ந்த பயிலரங்கில் தோன்றிய டப்ளின் கோர் என்னும் முறை, இவ்விவரங்களைப் பதினைந்து கூறுகளாக வகுத்தது. சோத்கங்கா பயன்படுத்தும் டி-ஸ்பேஸ் மென்பொருளும் இம்முறையைத் தழுவியது. இது மேலை நாட்டுத் தொழில்நுட்பம், நூலகர் பார்த்துக்கொள்வர் என்று தமிழ்த்துறைகள் கருதி ஒதுங்குவதைக் காணமுடிகிறது. இக்கருத்து பொருந்துவதன்று.

பவணந்தியார் சிறப்புப்பாயிரத்துக்குரிய செய்திகளாக எட்டினைக் கூறுகிறார். நூற்பெயர், ஆக்கியோன் பெயர், நுதலிய பொருள், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, யாப்பு, கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றினைக் கூட்டிப் பதினொன்றாக்குவோரும் உளர் என்பதையும் அவர் சுட்டுகிறார். இவற்றை டப்ளின் கோர் கூறுகளோடு ஒப்பிட்டால் வியப்பளிக்கும் ஒற்றுமை தெரிகிறது. நூற்பெயர் தலைப்புக்கும், ஆக்கியோன் பெயர் படைப்பாளருக்கும், நுதலிய பொருள் பொருட்கூறுக்கும், எல்லை இடகாலப் பரப்புக்கும், வழி மூலம், தொடர்பு என்னும் இரு கூறுகளுக்கும் நேராகின்றன. யாப்பு நூலின் வகையோடும் வடிவத்தோடும் ஒருவாறு இயைகிறது. காலம் என்பது நாளுக்கு நேர். கேட்போர் என்பது தொடக்கத்துப் பதினைந்தில் இல்லை. பிற்காலத்தில்தான் டப்ளின் கோர் விரிவாக்கத்தில் சேர்க்கப்பட்டது. பயன் என்பதற்கு நேரான கூறு அதில் இல்லை.

இவ்வொப்பீட்டுக்கு எல்லை உண்டு. மொழி, உரிமை, அடையாள எண் ஆகியன டப்ளின் கோரில் உள்ளன, பாயிரத்தில் இல்லை. கணினி படிப்பதற்கும் பதிப்புரிமை காப்பதற்கும் தோன்றிய தேவைகள் அவை. இன்றைய அனைத்தும் அன்றே இருந்தன என்று நிறுவுவது இவ்வொப்பீட்டின் நோக்கமன்று. எவ்வளவு விரிந்த நூலாயினும் பாயிரமின்றேல் அது நூலாகாது என்னுமளவுக்கு விவரிப்பை இன்றியமையாததாகக் கருதியது நம் மரபு என்பதே இங்குக் கருதத்தக்கது.

அதன் பயனை வரலாறும் காட்டுகிறது. நன்னூல் சீயகங்கன் வேண்டுகோளால் எழுந்தது என்பதை அதன் பாயிரத்தால் அறிகிறோம். பெங்களூருக்குக் கிழக்கே உள்ள கோலாரைத் தம் பழம்பதியாகக் கூறிக்கொண்ட கங்கர் மரபினன் அவன். பாயிரம் மறைந்திருப்பின் தமிழிலக்கண வரலாற்றில் இந்நிலப்பகுதிக்குள்ள தொடர்பும் மறைந்திருக்கும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனார் பாயிரமே தருகிறது. புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகள் பாடினோர், பாடப்பட்டோர், திணை, துறை ஆகியவற்றைச் சுட்டுகின்றன. அக்குறிப்புகள் பிற்காலத்தன என்று கருதுவோரும் அவற்றை விலக்கிவிட்டு அப்பாடல்களை ஆராய இயலாது. நூலினும் சிறியதாகிய விவரிப்பு நூலின் வாழ்வைத் தீர்மானித்ததற்கு இவை சான்றுகள்.

3. தலைப்பும் எழுத்துப்பெயர்ப்பும்

சோத்கங்காவிலுள்ள தமிழ் ஆய்வேடுகளின் தலைப்புகள் மூவகையாக அமைகின்றன. சில தமிழ் எழுத்திலேயே உள்ளன. சில ஆங்கில மொழிபெயர்ப்பாக உள்ளன. பல உரோமன் எழுத்துப்பெயர்ப்பாக உள்ளன. மூன்றாம் வகையே மிகுந்த இடர் தருவது.

சிலப்பதிகாரம் என்னும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். உரோமன் எழுத்தில் அதன் முதலெழுத்தை ‘எஸ்’ என்றும் ‘சி’ என்றும் இருவகையாக எழுதலாம். தகரத்தை ‘டி’ என்னும் வல்லெழுத்தாலோ, அதனோடு ‘எச்’ சேர்த்தோ, மென்மையான ‘டி’ எழுத்தாலோ எழுதும் மூன்று வழக்குகள் உண்டு. ககரத்துக்கு ‘கே’, ‘ஜி’ என இரண்டு. பகர இரட்டிப்பைக் காட்டுவதும் விடுவதும் என இரண்டு. நெடிலை ஓரெழுத்தாலோ ஈரெழுத்தாலோ எழுதுவது என இரண்டு. இவற்றைப் பெருக்கினால் ஒரே நூற்பெயர்க்கு 48 வடிவங்கள் அமைகின்றன. தேடுவோர் ஒரு வடிவத்தை உள்ளிடும்போது ஏனைய 47 வடிவங்களில் பதிவான ஆய்வேடுகள் தப்பிவிடும். இரண்டு சொற்களாலான தலைப்பாயின் இடர் பன்மடங்காகும்.

ஆங்கில மொழிபெயர்ப்புத் தலைப்பும் முழுத் தீர்வாகாது. ‘மெய்ப்பாடு’, ‘உள்ளுறை’, ‘இறைச்சி’, ‘நோக்கு’ போன்ற கலைச்சொற்களுக்கு நிலைபெற்ற ஆங்கிலச் சொற்கள் இல்லை. உள்ளுறையை உவமையென்றும், உருவகமென்றும், குறிப்புப்பொருளென்றும் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி பெயர்ப்பர். இவ்வகையில் நுதலிய பொருளே மறைக்கப்படுகிறது. தமிழ் ஆய்வேட்டின் தலைப்பைத் தமிழ் எழுத்தில் முதற்கண் தந்து, பிறவற்றை மாற்றுத் தலைப்பாகத் தருவதே முறை. டி-ஸ்பேஸ் மென்பொருளில் மாற்றுத் தலைப்புக்கு இடமுண்டு என்பதால் இதற்குக் கருவித் தடை எதுவும் இல்லை.

4. எழுத்துருச் சிக்கல்

தலைப்பைக் கடந்து ஆய்வேட்டின் உள்ளே சென்றால் வேறொரு தடை எதிர்ப்படுகிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன்னரும், பரவிய பின்னரும் தட்டச்சு நிலையங்களின் பழக்கத்தாலும், தமிழ் ஆய்வேடுகள் பல பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் உருவாக்கப்பட்டன. இவ்வெழுத்துருக்களில் திரையில் தோன்றுவது தமிழ். கணினி சேமிப்பதோ உரோமன் எழுத்துகளும் குறியீடுகளும். சான்றாக, ‘அம்மா’ என்னும் சொல் பாமினி எழுத்துருவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே பதிவாகும். மனிதக் கண்ணுக்கு அது அம்மா. தேடுபொறிக்கு அது பொருளற்ற எழுத்துக்கூட்டம். மேலும் ஒகர, கொம்புக் குறிகளை இவ்வெழுத்துருக்கள் கண்ணில் படும் வரிசையிலும், ஒருங்குறி ஒலிக்கும் வரிசையிலும் சேமிப்பதால், எழுத்துகளை ஒன்றுக்கொன்று மாற்றுவதால் மட்டும் சரியான தமிழ் கிடைத்துவிடாது.

மின்வருடப்பட்ட ஆய்வேடுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவை படங்கள், அவற்றில் எழுத்து என்பதே கணினிக்கு இல்லை. ஆகவே ஒரு தமிழ்ச் சொல்லைக் கொண்டு ஆய்வேடுகளின் உட்பகுதியைத் தேடும்போது கிடைக்கும் விடை, இருப்பவற்றுள் ஒரு சிறு பகுதியைப் பற்றியதே. அவ்விடையை நம்பி, இப்பொருளில் ஆய்வு நிகழவில்லை என்று முடிவு கூறுவது பிழையாகும்.

தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதன்பின்னும் பழைய எழுத்துருவில் ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு நியாயம் இல்லை. எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன. அச்சுப் பக்கங்களிலிருந்து தமிழெழுத்தைப் படித்தறியும் எழுத்துணரி மென்பொருள்களும் இன்று நன்கு வளர்ந்துள்ளன. பழைய ஆய்வேடுகளை அவற்றால் மீட்டு, மெய்ப்புப் பார்த்து, தேடத்தக்க வடிவில் மீண்டும் வைப்பது இயலும் செயலே. முழுமையான மெய்ப்புக்கு ஆளில்லையேல், பிழையுள்ள எழுத்தடுக்கை உள்ளே வைத்துப் பக்கப் படத்தை மேலே காட்டும் முறையும் பயன்தரும்.

5. கூறியது கூறல்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல் ஒன்று. ஒரு நூலுக்குள் நிகழும் குற்றமாகவே இலக்கண நூலார் இதனைக் கூறினர். இன்று அது ஒரு துறை முழுமைக்குள்ளும் நிகழ்கிறது. ‘சங்க இலக்கியத்தில் மகளிர்’, ‘புதினங்களில் சமுதாயச் சிக்கல்கள்’ போன்ற தலைப்புகள் நூலும் ஆசிரியரும் மட்டும் மாறி மீண்டும் மீண்டும் எடுக்கப்படுவதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். இதற்கு ஆய்வாளரை மட்டும் குறைகூறுவது முறையன்று. முன்னையது கண்ணில் படாதபோது பின்னையது புதியதாகவே தோன்றும்.

இதன் மறுபக்கம் ஆய்வு நேர்மை பற்றியது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒப்புமை அளவைப் படிநிலைகளாக்கி, பத்து விழுக்காடு வரை தண்டனையின்றி விட்டு, அறுபது விழுக்காட்டைக் கடப்பின் ஆய்வு மாணவரின் பதிவையே நீக்கும் அளவுக்குச் செல்கின்றன. ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருள் எழுத்தடுக்கோடு எழுத்தடுக்கை ஒப்பிட்டே விடை தருகிறது. மூல ஆய்வேடு படமாகவோ பழைய எழுத்துருவிலோ இருப்பின் அம்மென்பொருளுக்கு அது இல்லாததே. அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து ஒருங்குறியில் தட்டச்சிட்டாலும் அறிக்கை தூயதாகவே வரும். ஆகவே தமிழ் ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விழுக்காடு நேர்மைக்குச் சான்றாகாது. தேடப்படாமைக்கும் அதுவே சான்றாகலாம்.

ஆய்வேட்டை எல்லோரும் காணும்படி வைத்தால் பிறர் திருடுவர் என்னும் அச்சம் தமிழாய்வாளரிடையே உண்டு. அவ்வச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஆயினும் மேற்கூறிய நிலையை நோக்கின், திருட்டுக்கு வாய்ப்பளிப்பது வெளிப்படையன்று. மறைவே என்பது விளங்கும். நாளும் நிலையான எண்ணும் கொண்டு, தேடத்தக்க வடிவில் வைக்கப்பட்ட ஆய்வேடு தன் முன்னுரிமையைத் தானே நிறுவிக்கொள்ளும். அலமாரியிலுள்ள ஆய்வேட்டுக்கு அத்தகைய சான்று இல்லை.

6. தேடுவோர் செய்யத்தக்கன

இக்குறைகள் நீங்கும்வரை காத்திருக்க இயலாது. இருக்கும் களஞ்சியத்திலிருந்தே மிகுந்த பயன் பெறச் சில வழிகள் உள.

முதலாவது, தேடலினும் பட்டியலை நாடுதல். சோத்கங்காவில் பல்கலைக்கழகம், துறை என்னும் வரிசையில் ஆய்வேடுகள் அடுக்கப்பட்டுள்ளன. தமிழ்த்துறைகளின் எண்ணிக்கை அளவுக்குட்பட்டது. ஆய்வுப் பொருளைத் தேர்வதற்குமுன், அத்துறைகளின் பட்டியல்களை முழுமையாக ஒருமுறை படித்தல் சில நாள் உழைப்பில் முடியும். சொற்றேடலில் தப்பும் தலைப்புகள் இதில் தப்பா.

இரண்டாவது, நெறியாளர் பெயரால் தேடுதல். ஒரு நெறியாளரிடம் ஆய்ந்தோர் ஒரே பொருட்புலத்தில் தொடர்வது தமிழ்த்துறைகளின் வழக்கம். ஓர் ஆய்வேடு கிடைத்தால் அதன் நெறியாளர் வழியே அக்குழுவின் பிற ஆய்வேடுகளை அடையலாம். பாயிரத்தில் கூறப்படும் வழி என்பதை இவ்வாறு மீட்டெடுக்கலாம்.

மூன்றாவது, கோப்புகளைத் தேர்ந்து படித்தல். சோத்கங்காவில் ஆய்வேடு இயல் இயலாகத் தனிக்கோப்புகளாக வைக்கப்பட்டுள்ளது. எண்பது என்னும் எண்ணோடு இறுதியில் காணப்படும் பரிந்துரைக் கோப்பில் தலைப்புப் பக்கமும் முடிவுரையும் பெரும்பாலும் ஒன்றாக உள்ளன. அதனை முதலிலும், துணைநூற்பட்டியலை அடுத்தும், பின்னிணைப்பை அதன்பின்னும் காண்பது நலம். கள ஆய்வு செய்தோர் திரட்டிய நாட்டுப்புறப் பாடல்கள், வட்டாரச் சொற்கள், தகவலாளர் நேர்காணல்கள் ஆகியன பின்னிணைப்பிலேயே உள்ளன. அவற்றைப் பாடியோரும் சொன்னோரும் இன்று இல்லாதிருக்கலாம். ஆய்வேட்டின் முடிவுகள் காலத்தால் பழமையடையும், இத்தரவுகள் அடைவதில்லை.

நான்காவது, துறை எல்லையைக் கடத்தல். தமிழ்ப் பொருள் பற்றிய ஆய்வேடுகள் வரலாறு, மொழியியல், மானிடவியல், ஆங்கிலம், கன்னடம் முதலிய துறைகளிலும் இருக்கலாம். தமிழ், கன்னட ஒப்பாய்வு செய்வோர் தமிழ்த்துறைப் பட்டியலோடு நின்றால், வசன இலக்கியத்தையும் தமிழ்ப் பக்தி இலக்கியத்தையும் கன்னடத்துறையிலிருந்து நோக்கியோரைக் காணத் தவறுவர்.

ஐந்தாவது, சோத்கங்கோத்ரியைக் காணுதல். நிகழ்ந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் முன்வரைவுகள் இதில் வைக்கப்படுகின்றன. முடிந்த ஆய்வோடு நடைபெறும் ஆய்வையும் அறிந்தாலன்றிக் கூறியது கூறலைத் தவிர்க்க இயலாது.

இறுதியாக, மேற்கோள் காட்டும்போது உலாவியில் தோன்றும் முகவரியை எழுதாமல், 10603 எனத் தொடங்கும் நிலையான அடையாள எண்ணைக் குறித்தல் வேண்டும். தளம் மாறினும் அவ்வெண் ஆய்வேட்டை அடைய உதவும். இந்திய மின்னூலகத்தின் முகவரிகளை மேற்கோளாகத் தந்த பல கட்டுரைகளின் சான்றுகள் இன்று திறவாமல் நிற்பது இதன் தேவையை உணர்த்துகிறது.

7. பாயிரம் செய்வார் யார்?

வைப்போர் கடமை இதனினும் பெரிது. இங்கு நன்னூல் கூறும் இன்னொரு செய்தி வழிகாட்டுகிறது. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியனே செய்தல் கூடாது. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தக்க உரைகாரன் ஆகியோருள் ஒருவர் செய்ய வேண்டும் என்பது அது. தற்புகழ்ச்சியைத் தவிர்ப்பது இதன் நோக்கம். நூலை நன்கறிந்தும் அதனினின்று சற்று விலகியும் நிற்பவரே அதனைப் பிறர்க்கு அறிமுகப்படுத்தத் தக்கவர் என்னும் நுட்பமும் இதில் உண்டு.

இன்று நிகழ்வது வேறு. இக்கட்டுரையாளர் அண்மையில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் களஞ்சியத்தில் அதன் தமிழ்த் தலைப்பால் தேடினார், கிடைக்கவில்லை. தம் பெயரால் தேடியபோது கிடைத்தது. தலைப்பு உரோமன் எழுத்தில் இருந்தது. திறவுச்சொற்களாக ‘தமிழ்’, ‘இலக்கியம்’ என்னும் இரண்டே ஆங்கிலத்தில் இருந்தன. சுருக்கம் இல்லை. அப்படிவத்தை நிரப்பியவர் வேறொருவர் அல்லர். வாய்மொழித் தேர்வுக்குரிய சான்றிதழ்களை விரைந்து பெறும் அவசரத்தில் கட்டுரையாளரே சில நிமிடங்களில் நிரப்பியது அது. நான்காண்டு உழைப்பு அச்சில நிமிடங்களின் அளவுக்கே உலகுக்குத் தெரிகிறது. நம்முள் பலருடைய நிலை இதுவே என்று கருதலாம்.

ஆகவே மீதரவை எழுதுவது அலுவலகப் படிவ வேலையாக இருத்தல் கூடாது. நெறியாளரின் கல்விப் பணியாக வேண்டும். நெறியாளர், உடன் ஆய்வாளர் ஒருவர், துறை நூலகர் ஆகியோர் ஒரு மணி நேரம் அமர்ந்து பின்வருவனவற்றை எழுதினால் போதும். தமிழ் எழுத்தில் தலைப்பு. ஆராயப்பட்ட நூல்கள், ஆசிரியர்கள், ஊர்கள் ஆகியவற்றின் பெயர்கள் திறவுச்சொற்களாக. பயன்படுத்திய கோட்பாடு அல்லது முறை. தழுவிய, மறுத்த முந்தைய ஆய்வேடுகள். பின்னிணைப்பிலுள்ள தரவின் வகையும் அளவும். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கச் சுருக்கம். இவற்றுள் முந்தைய ஆய்வேடுகளைச் சுட்டுவது வழி. தரவைச் சுட்டுவது பயன். டப்ளின் கோரில் இல்லாத பயன் என்னும் கூறு, சுருக்கத்தின் இறுதி வரியாகவேனும் அமைதல் வேண்டும்.

இது இயலும் என்பதற்கு நம் மொழியிலேயே முன்மாதிரி உண்டு. 2005-இல் இலங்கையில் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகம், தான் வைக்கும் ஆவணங்களுக்கு நூலக எண், ஆசிரியர், வகை, வெளியீட்டாண்டு முதலியவற்றைத் தமிழிலேயே தருகிறது. நூல், இதழ் பலவற்றுக்கு உள்ளடக்கத்தையும் தமிழில் தட்டச்சிட்டுத் தந்துள்ளது. ஓர் இதழிலுள்ள சிறு கட்டுரையின் தலைப்பைத் தமிழில் உள்ளிட்டாலும் அவ்விதழை அடைய முடிகிறது. தன்னார்வலர் உழைப்பால் இயன்றது பல்கலைக்கழகத் துறைகளுக்கு இயலாது என்பதற்கில்லை.

சோத்கங்காவுக்கு அப்பால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கெனக் களஞ்சியம் கொள்வதும் தேவை. சோத்கங்காவில் முனைவர் பட்ட ஆய்வேடுகளே பெரும்பான்மை. ஆய்வியல் நிறைஞர் பட்டம் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளால் முடிவுக்கு வந்தது. ஒரே சிற்றிலக்கியம், ஒரே ஊர்க் கோயில், ஒரே எழுத்தாளர் என்று குறுகிய பொருளை நுணுகி நோக்கிய ஆய்வேடுகள் பல அப்பட்டத்துக்காக எழுதப்பட்டவை. இனி அவ்வகை ஆய்வேடுகள் தோன்றப்போவதில்லை. இருப்பவை துறை அலமாரிகளில் ஓரிரு படிகளாக உள்ளன. இடநெருக்கடி ஏற்படும்போது முதலில் அகற்றப்படுவனவும் அவையே. இவற்றை மின்வருடிப் பாயிரத்தோடு வைப்பதைத் தமிழ்த்துறைகள் முதற்பணியாகக் கொள்ளுதல் தகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

மின்களஞ்சியத்தின் பயன் அதிலுள்ள ஆய்வேடுகளின் எண்ணிக்கையால் அமைவதன்று. அவை விவரிக்கப்பட்ட முறையால் அமைவது.

தமிழ் ஆய்வேடுகள் உரோமன் எழுத்துப்பெயர்ப்பாலும் பழைய எழுத்துருவாலும் களஞ்சியத்துக்குள்ளேயே மறைந்துள்ளன. இதனால் ஆய்வுப் பொருள்கள் மீள்கின்றன. ஒப்புமைச் சோதனை பொருளற்றதாகிறது.

பாயிர மரபு இன்றைய மீதரவு முறையோடு பெரிதும் ஒத்தது. வழி, பயன், கேட்போர் ஆகியவற்றை வற்புறுத்துவதால் சில இடங்களில் அதனினும் விரிந்தது. விவரிப்பை நெறியாளரும் உடன் ஆய்வாளரும் எழுதவேண்டும் என்பதற்கு அம்மரபே சான்று.

பட்டியல், நெறியாளர் பெயர், பின்னிணைப்பு, பிற துறைகள் ஆகியவற்றின் வழியே தேடுவோர் இருக்கும் களஞ்சியத்திலிருந்தும் மிகுந்த பயன் பெறலாம்.

அரங்கநாதன் நூலுக்கும் அதனை வேண்டுவோருக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். அத்தொலைவு இன்று ஊருக்கும் ஊருக்கும் இடையில் இல்லை. தலைப்புக்கும் தேடுசொல்லுக்கும் இடையில் உள்ளது. அடுத்த ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில், படிவத்தின் வெற்றுக் கட்டங்களை நிரப்புமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குவதே அதனைக் குறைப்பதற்கு முதற்படியாகும்.